அருஞ்சொல்லும் அணியும்

திசையன்விளைப் பகுதியில் நம் பிள்ளைகள் ஆங்கில அருஞ்சொற்களைப் பட்டியலிட்டு மனனம் செய்வதைக் காண்கிறோம். ‘மெட்டஃபர்’, ‘அலெகரி’ என்பவற்றின் வரையறையைப் பிழையின்றி ஒப்புவிப்பர். ஒரு பாடலில் அவற்றைக் காட்டச் சொன்னால் திகைப்பர். முன்னது உருவகம், பின்னது கதை முழுதும் தொடரும் உருவகம் என்றால் திகைப்புப் பாதி நீங்கும்.

மீதியை நீக்க நம் மாவட்டத்திலேயே ஒரு நூல் உண்டு. கரையிருப்பில் 1827-இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாண’த்தைத் தழுவி, 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்தார்.

பனியன் பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். அவர் சொற்களும் எளியவை. பயணியின் முதுகுச்சுமை பாவம்; அவன் விழும் சேறு மனச்சோர்வு. அருஞ்சொல் இன்றியே அணி நிற்கிறது. கிருஷ்ண பிள்ளையோ கம்பர் நெறியில் விருத்தம் பாடினார். ஓசையில் உயர்ந்தார், எனினும் சிலவிடங்களில் அலங்காரம் மிகுந்து மூலத்தின் எளிமையை மூடுகிறது என்பது நம் கருத்து. அந்த வேறுபாட்டை உணரும் மாணவன் இரு மொழியையும் உணர்ந்தவனாவான்.

அவர் சீர்திருத்தச் சபையார் என்பதால் நாம் ஒதுக்கிவிட்டோமோ? இவ்விடுமுறையில் இரு நூல்களையும் அருகருகே வைத்து, பிள்ளைகளுடன் ஒரு படலமேனும் படிப்போமாக.