அட்டை தெரியாத புத்தகம்

"எப்பப் பார்த்தாலும் ஃபோனு" என்றாள் மருமகள். பேரன் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள் என்பதால் அதில் பாதி எனக்கும் சேர்ந்துதான் விழுந்தது. அந்த நேரத்தில் நான் 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகத்தில், கொலை வாளில் இருந்தேன். சொல்லியிருக்கலாம். எடுபட்டிருக்காது. பேரனும் ஏதோ படிப்பதாகத்தான் சாதித்துக்கொண்டிருந்தான்.

தபால் ஆபீஸில் முப்பத்தேழு வருஷம் இருந்து 2016-ல் ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்த காலத்தில் வாராவாரம் பத்திரிகைக் கட்டுகள் என் மேஜைக்கு வரும். பிரித்துப் பார்க்காமல் அனுப்புவதற்கே தனி வைராக்கியம் வேண்டும். ஓய்வுக்குப் பிறகு ஆசை தீரப் படிக்கலாம் என்றிருந்தேன், கண் ஒத்துழைக்கவில்லை. இப்போது என் படிப்பில் முக்கால்வாசி ஃபோனில், மீதி கிண்டிலில். இந்தப் பழக்கத்தின் வரவையும் செலவையும் ஒருநாள் எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

வரவில் முதலில் எழுத்தின் அளவு. புத்தகத்தில் அதை அச்சகம் முடிவு செய்கிறது. மலிவுப் பதிப்பென்றால் கடுகாகிவிடும். புரை வந்த கண்ணுக்குப் பொடி எழுத்தில் எ-யும் ஏ-யும் ஒன்று, ஒ-வும் ஓ-வும் ஒன்று. சொல்லை வாசிப்பதில்லை, ஊகிக்கிறோம். திரையில் இரண்டு விரலால் இழுத்தால் ஏகாரத்தின் கால் கண்ணெதிரே நீள்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவருக்கு இன்னும் ஐம்பது வயது ஆகவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, கிடைப்பது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். அப்போது ஒரு எழுத்துருவில் அடித்தது இன்னொன்றில் திறந்தால் பூச்சியும் கொக்கியுமாக நிற்கும். யூனிகோடு பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் அங்கே இலவசம்.

ஆனால் இணையத்தில் இருக்கிற தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி இப்படித் தட்டச்சு செய்தவை அல்ல, பக்கம் பக்கமாகப் படம் பிடித்த பி.டி.எஃப். அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே பெரிதாகும், வரி மடங்கி வராது. ஒவ்வொரு வரிக்கும் வலது கோடி வரை இழுத்துப் போய், திரும்ப இடது கோடிக்கு வர வேண்டும். பத்துப் பக்கத்தில் கை ஓய்ந்துவிடும். பழைய நூல்களைக் காப்பாற்றியதற்காகப் படம் பிடித்தவர்களைக் கும்பிடுகிறேன். கும்பிட்ட கையால் இழுத்து இழுத்துப் படிக்கத்தான் முடியவில்லை.

அகராதியும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ் லெக்சிகன் இன்று சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் கதையில் 'நின்றவர்களிடமிருந்து' என்று வருவதை அப்படியே போட்டால் அது கைவிரித்துவிடும். நாமே தோலை உரித்து 'நில்' என்று கொடுக்க வேண்டும். அவ்வளவு உரிக்கத் தெரிந்தவனுக்கு அகராதி எதற்கு?

கண் களைத்தால் ஃபோனையே வாசிக்கச் சொல்லலாம். சொன்னேன். ஒரே பகரத்தைப் 'பல்' என்பதில் ஒரு விதமாகவும் 'பயம்' என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எழுத்தில் அந்த வித்தியாசம் கிடையாது, பேச்சில்தான் உண்டு. என் ஃபோன் பாவத்தையும் பாவனையையும் ஒரே மூச்சில் ஊதித் தள்ளியது. அடுப்படியிலிருந்து என் மனைவி ஒவ்வொரு தடவையும் திருத்தினாள். ஒரு விதத்தில் அது பழைய காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத என் பாட்டிக்கு அம்மாதான் தொடர்கதைகளை உரக்க வாசிப்பாள். பாட்டி பாக்கு வெட்டிக்கொண்டே வில்லனைத் திட்டுவாள். கேட்பது என்பது தனியாகச் செய்யும் காரியமாக அன்று இருந்ததில்லை. இன்று செவிக்குழாயை மாட்டிக்கொண்டால் அதுவும் தனிக் காரியம்.

இந்தப் பழக்கத்தின் பெரிய குறை கண்ணிலோ காதிலோ இல்லை என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஃபோனில் படிக்கிற புத்தகத்துக்கு அட்டை தெரிவதில்லை. நான் கல்கியைப் படித்தாலும் பங்கு விலையைப் பார்த்தாலும் பேரன் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: குனிந்த தலை, கையில் ஃபோன். என் அப்பா சாய்வு நாற்காலியில் மார்பின்மேல் கவிழ்த்து வைத்துத் தூங்கிய புத்தகத்தை நான் மெதுவாக உருவி எடுத்துத்தான் படிக்கக் கற்றேன். யாரும் படி என்று சொல்லவில்லை. அது அங்கே கிடந்தது. என் கிண்டிலில் இருநூறு புத்தகம் இருக்கிறது, ஒன்றுகூட வீட்டில் எங்கும் கிடப்பதில்லை.

கிடந்தாலும் முழுக்க என்னுடையதா என்பது இன்னொரு கேள்வி. அமேசான் 2009-ல் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். இருந்தாலும், எந்தப் புத்தகக் கடைக்காரரும் ராத்திரியில் வந்து நம் அலமாரியைத் திறந்ததில்லை. இரவல் போய்த் திரும்பாத புத்தகங்களைப் பற்றி இத்தனை வருஷம் புலம்பியிருக்கிறேன். இரவலே கொடுக்க முடியாத புத்தகத்தைப் பற்றி எப்படிப் புலம்புவது என்று தெரியவில்லை.

குடும்ப வாட்ஸப் குழுவை இந்தக் கணக்கில் சேர்ப்பதா என்று யோசித்தேன். பதினெட்டுப் பேர், ஐந்து ஊர், காலையில் பூவும் பொன்மொழியும். அப்துல் கலாம் சொன்னதாக வருவதையெல்லாம் அவர் சொல்லியிருந்தால் ராக்கெட் விட அவருக்கு நேரமே இருந்திருக்காது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று 2020-ல் வாட்ஸப் கட்டுப்பாடு வைத்தது. எங்கள் சித்தப்பா ஒவ்வொருவராகத் தட்டி அனுப்புகிறார். நேரம் அவரிடம் நிறைய இருக்கிறது. அதை வாசிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஃபோனும் கையுமாக இருந்தால் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

இனி மூன்றாம் பாகத்துக்கு வருகிறேன். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியதை அம்மா கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தாள். மயில்துத்தம் போட்ட பசை, காலிகோ முதுகு, மணியம் வரைந்த படங்கள், இடையிடையே யாருக்கோ தேவைப்பட்ட டானிக் விளம்பரங்கள். அதில் கொலை வாளில் இரண்டு வாரம் இல்லை. எதிர்வீட்டுக்காரர் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்பது குடும்ப வரலாறு. பதினான்கு வயதில் அந்தப் பள்ளத்தைத் தாண்டிக் குதித்துத்தான் கதையைப் படித்து முடித்தேன். அச்சுப் பதிப்பில் பார்த்திருக்கலாம், ஏனோ பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக் கதைக்கு அந்த இடத்தில் ஓட்டை உண்டு என்று பழகிவிட்டது. மருமகள் குரல் கேட்ட அன்று நான் ஃபோனில் நின்றிருந்தது அந்த ஓட்டையில்தான். ஐம்பது வருஷத்துக்கு மேல் தெரியாதிருந்தது முழங்கையளவு தூரத்தில், கொட்டை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மணியத்தின் படம் மட்டும் இல்லை.

மறுநாள் அந்த அத்தியாயங்களைக் கடைத்தெருவில் அச்செடுத்தேன். முன்பு பைண்டிங் கடையாக இருந்த இடம், இப்போது ஜெராக்ஸும் லேமினேஷனும். பைண்டு வால்யூமில் சேர்த்துத் தைக்க முடியுமா என்று கேட்டேன். கடைக்காரப் பெரியவர் அதன் முதுகைத் தடவிப் பார்த்து, பிரித்தால் தாள் பொடிந்துவிடும், இடையில் செருகி வையுங்கள் என்றார். செருகி வைத்திருக்கிறேன். பழுப்புத் தாள்களுக்கு நடுவே வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. வால்யூம் இப்போது அலமாரியில் இல்லை, கூடத்து நாற்காலிமேல் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேரன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு டானிக் விளம்பரத்தை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு போனான்.