வெர்னியர் சரி என்று சொன்ன பிறகு

இன்ஜெக்‌ஷன் மோல்டிங் கூடங்களில் வேரூன்றிப்போன வழக்கம் ஒன்று. ஷாட் விழுந்த சில நிமிடங்களில் பீஸை எடுத்து வெர்னியரில் வைத்துப் பார்ப்பார்கள். அளவு குறைந்தால் ஹோல்டிங் பிரஷரை ஏற்றுவார்கள். அதிலும் எட்டாவிட்டால் மோல்டுக்குள் ஓடும் தண்ணீரை இன்னும் குளிர வைப்பார்கள். வெர்னியரில் அளவு வந்ததும் ஆயிரக்கணக்கில் ஓட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டத்தான் கேட் (பொருள் மோல்டுக்குள் நுழையும் வாய்) உறையும்வரை அழுத்திப் பிடித்து இன்னும் கொஞ்சம் பொருளை உள்ளே திணிக்கிறோம். ஆகவே ஹோல்டிங் பிரஷர் அளவை மாற்றவல்ல உண்மையான கருவிதான். பிரஷரை ஏற்றியது தவறென்றால் அடுத்த ஷாட்டிலேயே இறக்கிவிடலாம். மோல்டில் வெட்டிய இரும்பை ஒட்டவைப்பது எளிதல்ல. ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற படிகமாகாத பிளாஸ்டிக்குகளில் இந்த வழக்கம் பெரும்பாலும் கைகொடுக்கவும் செய்கிறது. ஏபிஎஸ் சுருங்குவதே 0.4 முதல் 0.7 சதவீதம்தான். நன்றாக ஆறிய ஏபிஎஸ் பீஸ் அதன்பின் பெரிதாக மாறுவதில்லை.

சிக்கல், அதே கையோடு அசிட்டாலுக்குப் போகும்போது வருகிறது. பட்டறைப் பேச்சில் டெல்ரின். அது ஏறக்குறைய 2 சதவீதம் சுருங்கும். மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாவதுதான் இதற்கு முக்கியக் காரணம். மோல்டு 90 டிகிரி செல்சியஸில் இருந்தால் அந்த வேலையில் பெரும்பகுதி மோல்டுக்குள்ளேயே முடிந்துவிடும். 40 டிகிரியில் வைத்தால் மேல்தோல் சட்டென்று உறைந்து, வேலை அரைகுறையாக நிற்கும். அப்போதைக்குச் சுருக்கம் குறைவு, பீஸ் பெரிதாகத் தெரியும். ஆனால் அசிட்டாலின் சங்கிலிகள் அசைவை இழப்பது சுமார் −60 டிகிரியில். நம் கிடங்குகளின் வெப்பத்தில் அவை தாராளமாக அசையும். விட்டுப்போன அடுக்கல் வாரக்கணக்கில் தொடரும். எஞ்சினுக்குப் பக்கத்தில் பொருத்தப்பட்டால் இன்னும் விரைவாக.

60 மி.மீ. விட்டமுள்ள ஒரு பல்சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கம் 1.8 சதவீதம் என்று கணக்கிட்டு மோல்டின் குழியை, அதாவது கேவிட்டியை, 61.1 மி.மீ. வெட்டிவிட்டார்கள். சூடான மோல்டில் உண்மைச் சுருக்கம் 2 சதவீதம் வந்தால் பீஸ் 59.88. மோல்டைக் குளிரவைத்தால் 60.00 வந்துவிடும், ஆய்வாளரும் கையெழுத்துப் போடுவார். அந்த 0.12 மி.மீ. எங்கும் போய்விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக, வாடிக்கையாளரிடம் போனபின் வெளிப்படும். சுருக்கத்தை நீக்கிவிட்டதாக நினைக்கிறோம், தள்ளிப்போட்டிருக்கிறோம். இந்த வழக்கத்தின் ஆகப்பெரிய குற்றம் இதுதான் என்பேன்.

ஹோல்டிங் பிரஷருக்கும் எல்லை உண்டு. கேட் உறைந்தபின் எத்தனை வினாடி பிடித்தாலும் ஒரு துளிகூட உள்ளே போகாது. பிடிக்கும் நேரத்தை ஒவ்வொரு வினாடியாகக் கூட்டி, பீஸின் எடை ஏறாமல் நிற்கும் இடத்தைத் தராசில் பார்த்தாலே அந்த எல்லை தெரிந்துவிடும். இவ்வளவு எளிய சோதனையைக்கூடச் செய்யாமல் ஊகத்தில் நேரம் வைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அழுத்தத்தை அளவு மீறி ஏற்றினாலோ கேட்டின் அருகே பொருள் இறுகி, தொலைவில் தளர்ந்து, பீஸுக்குள் இழுவிசை தங்கிவிடும். நீளம் சரியாக இருக்கும், பீஸ் வளைந்திருக்கும்.

அளக்கும் நேரமும் ஏமாற்றும். 100 மி.மீ. பாலிபுரோப்பிலீன் பீஸ் 10 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 0.1 மி.மீ. நீண்டிருக்கும். கை பொறுக்கும் சூட்டில் அளந்தால் அது ஆறிய பீஸின் அளவாகாது. மோல்டிங் சுருக்கத்தை 23 டிகிரியில், 16 முதல் 24 மணி நேரம் கழித்து அளக்கச் சொல்கிறது ஐஎஸ்ஓ 294-4. நைலானுக்கு அதுவும் போதாது. நைலான் 66 பாதி ஈரப்பதமுள்ள காற்றிலேயே சுமார் 2.5 சதவீதம் தண்ணீரை உறிஞ்சி, நீளத்தில் அரை சதவீதம் அளவுக்குப் பருக்கும். தடித்த பீஸில் இதற்கு மாதங்கள் ஆகும். நைலான் வரைபடத்தில், உலர்ந்த நிலையிலா ஈரம் ஏறிய நிலையிலா என்று குறிக்காமல் 0.05 மி.மீ. டாலரன்ஸ் கேட்பதில் பொருளே இல்லை.

அதற்காக மெஷின் அருகே அளப்பதைக் கைவிடச் சொல்லவில்லை. மோல்டு வெப்பத்தைப் பொருளுக்கு ஏற்ப நிலைநிறுத்திவிட்டு, சூடான பீஸின் அளவுக்கும் அதே பீஸின் மறுநாள் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை பதிந்துகொண்டால், ஓட்டத்தின் நடுவே ஏதேனும் விலகினால் உடனே காட்டிக்கொடுக்க அந்த வெர்னியரே போதும். மறுநாள் அளவிலும் மீதமிருக்கும் குறையை மோல்டின் இரும்பில்தான் திருத்த வேண்டும். வெளிவிட்டம் குறைந்தால் கேவிட்டியை இன்னும் வெட்டலாம். துளை சிறுத்தால் அதை உருவாக்கும் கோர் பின்னை மாற்ற வேண்டும்.

ஆனால் மோல்டு பல நேரம் மோல்டிங் செய்பவருடையது அல்ல. கொள்முதல் செய்யும் நிறுவனத்தின் சொத்து. அனுமதியின்றி ஒரு இழைகூட உரச முடியாது. அவர் கைக்கு எட்டுவது பிரஷரும் தண்ணீரும் மட்டுமே, டெலிவரி தேதி கழுத்துக்கு நெருங்கி நிற்கிறது. ஆபரேட்டரைக் குறைசொல்வதைவிட, மோல்டு ஆர்டரில் இரண்டு வரி சேர்ப்பது பயன்தரும்: ட்ரையல் பீஸை 24 மணி நேரம் கழித்தே அளந்து ஒப்புதல் தர வேண்டும், முதல் இரும்புத் திருத்தத்தின் செலவு மோல்டு விலைக்குள்ளேயே அடங்க வேண்டும்.