அணையத் தெரிந்த மினுக்கம்

தூண்டிலில் கட்டும் பொய்மீன் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் அதன் பக்கத்தைப் பார்ப்பார்கள். நான் முதுகைத் திருப்பிப் பார்ப்பேன். இரண்டு பக்கத்து ஈயத்தாளும் சந்திக்கும் பொருத்து அங்கேதான் இருக்க வேண்டும். கருநீலப் பூச்சுக்கு அடியில், நகத்துக்கு மட்டும் தட்டுப்படுகிற மாதிரி. பொருத்தை வயிற்றில் வைப்பவர்களும் உண்டு. முதுகு வளைவில் தாள் ஒரே ஓட்டமாக விழும் என்பது அவர்கள் கட்சி. விழத்தான் செய்யும். ஆனால் ஈயக்குண்டு புதைத்த குழியும் முள் தொங்கும் கம்பி வளையமும் வயிற்றில்தானே இருக்கின்றன? அத்தனைக்கும் நடுவே பொருத்தையும் கொண்டுபோய் வைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போக நாமே வழிவிட்ட மாதிரி.

அந்த வளையத்தைச் சுற்றி மயிரிழை அளவு இடம் விட்டுத் தாளை வெட்டியிருக்கிறார்களா என்பது அடுத்துப் பார்க்க வேண்டியது. ஈயத்தாள் என்று நாம் சொல்லும் அலுமினியமும் கம்பியின் துருப்பிடிக்காத எஃகும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் கரைவது அலுமினியம்தான். லாக்கருக்கு அடியில் வெள்ளையாகப் பூத்து, தாள் கொப்புளித்து எழும்பும். கடையில் புதிதாகத் தொங்கும்போது இது எவர் கண்ணிலும் படாது. ஒரு பருவம் கடல் கண்ட மீனில்தான் செய்தவரின் பொறுமை தெரியும்.

பின்லாந்தில் பொய்மீன் செய்த லவுரி ரபாலாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் அந்த மீனின் ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். 1936-இல் தக்கையைச் சப்பாத்துத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, காயம்பட்ட சிறுமீன் மாதிரித் தள்ளாட வைத்தார் என்பார்கள். 1962 ஓகஸ்டில், மர்லின் மன்றோவின் படத்தை அட்டையில் தாங்கிவந்த லைஃப் இதழில் அதைப் பற்றிக் கட்டுரை வெளியானதும் அமெரிக்காவிலிருந்து கேள்வி குவிந்தது என்பார்கள். எல்லாம் சரி. எனக்கு அந்த முதல் மீனின் மேற்தோல்தான் பெரிது. சொக்லேட் சுற்றிவந்த தாளை எடுத்து ஒட்டினார். லாக்கர் வாங்க வசதியில்லாமல் புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். படச்சுருளும் செல்லுலோஸ், மரத்துக்குப் பூசும் நல்ல லாக்கரும் செல்லுலோஸ். கைக்கு எட்டியதில் சரியான பொருளையே அவர் எடுத்திருக்கிறார். இன்றைக்கு ஜப்பானில் கையால் செய்கிறவர்கள் அலுமினியத்தாள் ஒட்டிய மரமீனைச் செல்லுலோஸ் கரைசலில் தோய்ப்பதும் காயவிடுவதும் திரும்பத் தோய்ப்பதுமாக நாட்கணக்கில் செய்வது அதே தோலுக்காகத்தான். ஒரே தடவையில் தடிப்பாக எபொக்சி ஊற்றி முடிப்பவர்களை என்னால் மெச்ச முடியவில்லை. வெயிலில் அது மஞ்சளாகும். அதற்கு முன்பே, தடித்த பூச்சுக்குள் தாள் எங்கோ ஆழத்தில் கிடப்பதாகத் தெரியும். மினுக்கம் தோலில் இருக்க வேண்டும்.

ஈயத்தாள் எதற்கு, வெள்ளி வண்ணம் போதாதா என்று கேட்பவர்கள் எங்கள் மன்னார்ப் பக்கத்துச் சிலாவத்துறைக் கரையில் பின்னேரம் முழங்கால் தண்ணீரில் நின்று சூடைக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து விழுகிற நேரம். நிமிர்ந்து நீந்தும்வரை சூடை மினுங்குவதே இல்லை. தோலில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகங்கள் சுற்றியுள்ள தண்ணீரின் நிறத்தையே திருப்பிக் காட்ட, மீன் இருக்கிற இடம் தெரியாது. ஒன்று சரியும்போது மட்டும் பளிச்சென்று ஒரு வெட்டு. உடனே இருட்டு. அறுக்குளாவும் சீலாவும் பாரையும் பாய்வது அந்த வெட்டுக்கு. வண்ணம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வெளுத்துக்கொண்டிருக்கும். உலோகத்தாள் எரிந்து அணையும். அந்த அணைவுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இப்போது வரும் ஹோலோகிராம் ஒட்டுத்தாளோடு எனக்குள்ள பிணக்கும் இதுவே. எந்தக் கோணத்தில் பிடித்தாலும் வானவில் விரியும். ஒரு கணம்கூட அணையாது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வாங்குபவரைப் பிடிப்பதற்கு அதைப்போல வேறு இல்லை.

தாளில் செதில் பதிப்பது தனிக் கலை. ஒட்டுவதற்கு முன் தாளை அரத்தின்மேல் விரித்து விரலால் அழுத்த வேண்டும். பிறகு கொஞ்சம் திருப்பி இன்னொரு தடவை. கோடுகள் குறுக்கே வெட்டிச் சின்னச் சின்ன சாய்சதுரங்கள் விழும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடி. மழமழப்பான தாளில் மீன் புரளும்போது ஒரே ஒரு வெட்டுத்தான்; செதில் பதித்ததில் வெட்டு தலையில் தொடங்கி வால்வரை ஓடும். நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த செதில் என் மாமாவின் கைவேலை. முள்முருக்கில் உடலைச் செதுக்கி, தேயிலைப் பெட்டிக்குள் விரித்திருந்த தாளை உரித்து எடுத்து வைத்திருப்பார். சிகரெட் பெட்டித் தாளை அவர் தொடமாட்டார். பின்னால் ஒட்டியிருக்கும் கடதாசியை ஊறவைத்து உரிப்பதற்குள் தாள் கசங்கிவிடும். தோள் பக்கம் அழுத்தமாகவும் வாலடிக்குப் போகப் போக இலேசாகவும் பதிப்பார். உண்மையான மீனுக்கும் வாலடிச் செதில் சிறிதுதான். தேயிலை மரப்பெட்டியில் ஏறிய காலம் போய்க் கடதாசிச் சாக்கில் ஏறத் தொடங்கியதும் அந்தத் தாளும் கிடைக்காமல் போயிற்று. தாள் மட்டுமா? 1990 ஒக்டோபரில் இந்தக் கரையின் முஸ்லிம் குடும்பங்கள் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டபோது, கை பழகிய அரங்களும் உளிகளும் எத்தனை வீடுகளோடு போயினவோ.

புத்தளத்தில் இருக்கும் நண்பன் ஒருவன் தங்கக் கட்சி. தங்க ரேக்கு ஒட்டித்தான் செய்வான். “வெள்ளியெல்லாம் தெளிஞ்ச தண்ணிக்குத்தான் மச்சான். அருவி ஆறு கலங்கி வாற நேரம் வந்து வீசிப் பார்” என்பான். மாரி காலத்தில் அரிப்புப் பக்கம் கடல் தேயிலைச் சாயமாகிவிடும் என்பது உண்மை. அந்தத் தண்ணீரில் பொன்னிறம் எடுபடும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் மறுப்பது நிறத்தை அல்ல, ரேக்கை. தங்க ரேக்கு ஒரு மைக்ரோனில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். சமையலறை அலுமினியத்தாள் அதைவிட நூறு மடங்குக்கு மேல் தடிப்பு. செதிலைத் தாங்கும் உடம்பு ரேக்குக்குக் கிடையாது. மலிவான போலி ரேக்கோ செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. பூச்சில் ஊசித்துளை விழுந்தாலும் கறுக்கும். தஞ்சாவூர் ஓவியர்கள் சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து முதலில் மேடு எழுப்பிக்கொண்டு அதன்மேல்தானே ரேக்கை ஒட்டுகிறார்கள்? அதுபோல மரத்திலேயே செதிலைச் செதுக்கிவிட்டு ரேக்கு ஒட்டட்டும், தலைவணங்குகிறேன். நண்பனுக்கு அந்தப் பொறுமை இன்னும் வரவில்லை.

முத்துக் குளித்த கரையில் இருந்துகொண்டு ஈயத்தாளைப் புகழ்வதா என்று கேட்கலாம். பசிபிக் தீவுகளில் முத்துச்சிப்பி ஓட்டையே அறுத்துத் தேய்த்துச் சூரைக்குப் பொய்மீன் செய்தார்கள். உலோகம் எதுவும் தேவைப்படவில்லை; ஓட்டின் உட்புற அடுக்குகளே எரிந்து அணையும். சேவல் பார், பெரிய பார் என்ற முத்துப் படுகைகளில் விளைந்த நம் சிப்பி சிறியது, ஓடு மெல்லியது. 1905 முத்துக்குளிப்பில் மரிச்சுக்கட்டியில் குவிந்த சிப்பியெல்லாம் முத்துக்காக அழுகவிடப்பட்டதுதான். ஓட்டைக் கொண்டு தூண்டில் செய்ய அதில் தசைப்பிடிப்பு இல்லை. பாரிஸில் ஜாக்கின் என்ற கைவினைஞர் 17-ஆம் நூற்றாண்டில் ஆற்றுமீன் செதிலிலிருந்து குவானினைப் பிரித்தெடுத்துப் போலி முத்துக்குப் பூசினார். பிற்பாடு அந்த முத்துப்பூச்சு பொய்மீன்களுக்கும் வந்து சேர்ந்தது. மீனின் வெள்ளி முத்தைச் சுற்றி மீனுக்கே திரும்பியது எனக்குப் பிடித்த கதை. ஆனாலும் அந்தப் பூச்சு பால்போலத் ததும்புமே தவிர வெட்டாது. வயிற்றுக்குச் சரி, பக்கத்துக்குக் கூடாது.

இப்போது மன்னாரில் விலைகொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் மீன்களோடு கரைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒட்டுத்தாளைச் சுரண்டி எடுங்கள், அரத்தில் அழுத்திய ஒரு துண்டு அலுமினியத்தாளை ஒட்டி, பொருத்தை முதுகில் வையுங்கள். சிலர் செய்கிறார்கள். தங்கமா வெள்ளியா என்ற வழக்கை நண்பன் மாரி பிறந்ததும் திரும்ப எடுப்பான். வாலடியில் செதில் இலேசாக விழ வேண்டும் என்பதில் மட்டும் அவனும் நானும் ஒரே கட்சி.