பூட்டிய அறையும் ஒரு தங்கமும்

மூங்கில்துறைப்பட்டில் ஒரு சாயங்காலம் கபடி பார்த்தேன். பாடப் போன பையன் எதிராளியைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே கத்திக்கொண்டிருந்த மாஸ்டரையே பார்த்தான். அவுட்.

அன்று ராத்திரி டி.வி.யில் 'தங்கல்' (2016). மகள்களின் முடியை வெட்டி, விடியுமுன் ஓடவிடுகிற அப்பா ஆமிர் கான். நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். எனக்கு உறுத்தியது. மல்யுத்தம் வேணுமா என்று அந்தப் பெண்களை அவர் கேட்கவே இல்லையே!

ஆனால் 2010 டெல்லி காமன்வெல்த் ஃபைனல் காட்சி அபாரம். அப்பாவை ஓர் அறையில் பூட்டிவிடுகிறார்கள். கீதா கேலரியில் தேடுகிறாள், ஆள் இல்லை. தனியாகத்தான் போராடணும் என்று சின்ன வயதில் அவர் சொன்னது நினைவுக்கு வர, தானே யோசித்து ஜெயிக்கிறாள். (பூட்டு கற்பனை; கீதா போகத்தின் 55 கிலோ தங்கம் நிஜம்.)

அந்தக் காலி நாற்காலியைக் கொண்டாடியிருக்க வேண்டிய படம், கதவு திறந்ததும் மெடலை அப்பா கையில் கொடுத்து 'சபாஷ்' வாங்கிக்கொள்கிறது.