கேபின் பிளானில் விட்டுப்போகும் ஒரு வரி

'கொடைக்கானல் ரெண்டு நாள் பிளான்' என்று வரும் கட்டுரைகளையும் வீடியோக்களையும் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஊர் சுற்றுவதற்காக இல்லை, அவை எப்படி எழுதப்படுகின்றன என்று பார்ப்பதற்காக. திண்டுக்கல்காரனுக்குக் கொடைக்கானல் பக்கத்து வீடு மாதிரி. பக்கத்து வீட்டைப் பற்றி வெளியூர்க்காரர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இந்த வகை எழுத்துக்கு ஒரு அச்சு உருவாகிவிட்டது. விடிகாலையில் கிளம்பு. வத்தலக்குண்டில் டிபன். காட்ரோட்டில் மலை ஏறு. வெள்ளி அருவியில் போட்டோ. ஏரியில் படகு, குணா குகை, பைன் காடு. சாயங்காலம் பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி என்று ஏதோ ஒரு சரிவில் முக்கோணக் கூரை போட்ட கேபினில் செக்-இன். ராத்திரி கேம்ப் ஃபயர், காலையில் கண்ணாடி வழியே மேகம். அவ்வளவுதான்.

இதை மட்டமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. நல்ல பயணக் குறிப்பு பலருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தபோது, எப்படிப் பதிவு செய்வது என்பதை எளிமையாக விளக்கியவர்கள் இவர்கள்தான். அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸே வேண்டாம் என்பதையும் சிலர் மறக்காமல் சொன்னார்கள். வழி, நேரம், செலவு விஷயத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. என் விமர்சனம் வேறு இடத்தில். இந்தத் திட்டங்களில் மலை என்பது இடங்களின் பட்டியல். அந்த இடங்களுக்கு நடுவே என்ன ஓடுகிறது என்ற கேள்வியே வருவதில்லை.

'இயற்கை எழில்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். படம் பிடிக்கப்படும் அந்த ஏரி 1863இல் வெட்டப்பட்டது. அப்போதைய மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகளுக்குக் கரை கட்டி உண்டாக்கியது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பைன் காடும் வெள்ளைக்காரர் காலத்தில் நட்டதுதான். ஏறும் வழியில் எல்லாரும் இறங்கிப் போட்டோ எடுக்கும் வெள்ளி அருவி, ஏரி நிரம்பி வழியும் தண்ணீர். அதாவது ஊரின் கழிவு ஏரியில் கலந்தால், நம் பயணத்தின் முதல் செல்ஃபிக்குப் பின்னால் விழுவதும் அதுதான். ஏரியும் அருவியும் பிளானில் தனித்தனி வரிகள். நிஜத்தில் ஒரே தண்ணீர்.

இந்த மலைக்குப் பயணத் திட்டம் போடுவது புது விஷயமில்லை. சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் அமெரிக்க மிஷனரிகள் 1845இல் இங்கே கட்டிய இரண்டு பங்களாக்களில் ஆரம்பிக்கிறது கதை. ஒரு வகையில் அவைதான் இந்த மலையின் முதல் 'கேபின் ஸ்டே'. ரயில் வந்த பிறகு, அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத் தோப்புவரை போய், அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ டோலியிலோ ஏறுவார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்க நான் தயாரில்லை, டோலி தூக்கியது நம்ம ஆட்களின் தோள். ஆனால் அந்தத் திட்டத்தில் சுமை யார்மேல் விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எத்தனை கூலியாட்கள் என்று எண்ணாமல் கிளம்ப முடியாது. இன்றைய கேபின் பிளானிலும் சுமை இருக்கிறது. தூக்குகிறவர்கள்தான் கணக்கில் வருவதில்லை.

யார் தூக்குகிறார்கள்? அறை வாடகையைப் பற்றிப் பத்து வரி எழுதுகிறவர், அந்த அறையின் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. ஓடையிலிருந்து குழாய் போட்டு எடுத்ததா, போர்வெல்லா, தண்ணி லாரியா? கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது? செங்குத்துச் சரிவில் நிற்கும் கேபினுக்குக் கீழே உறிஞ்சுகுழி தோண்டினால், அது கசிவது அடுத்த வளைவில் இருக்கும் பூண்டுத் தோட்டத்துக்கோ ஊர்க் கிணற்றுக்கோதான்.

திண்டுக்கல்காரர்களுக்கு இது தூரத்துக் கவலை இல்லை. நம் நகரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து வருகிறது. ஆடலூர், பன்றிமலைப் பக்கம் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி அங்கே சேர்கிறது. அணையைத் தாண்டினால் குடகனாறாக வேடசந்தூர் வரை போகிறது. அந்தத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்று மேல்பகுதி, கீழ்ப்பகுதி விவசாயிகளுக்குள் தகராறே நடந்திருக்கிறது. கொடைக்கானலில் கூட்டம் தாங்காமல் கேபின்கள் இப்போது இறங்கி வருவது இதே கீழ்மலைக்குத்தான். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, ஓடை ஓரமாக. மென்பொருளில் இதை டிபென்டன்சி என்போம். நீங்கள் தொடாத ஒரு கோப்பு மாறினாலும் உங்கள் புரோகிராம் நின்றுவிடும்.

'கேபின் என்பது சின்ன மரக் கூடுதானே, பெரிய ஹோட்டல் இல்லையே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடைக்கானலின் புகழ்பெற்ற வழக்கு பெரிய கட்டடத்தைப் பற்றியதுதான். பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு அனுமதி இரண்டு தளங்களுக்கு, எழும்பியது ஏழு. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்காடியது. 1995இல் உச்ச நீதிமன்றம்வரை போய், கூடுதல் தளங்கள் சட்டவிரோதம் என்பது உறுதியானது. ஆனால் ஏழு மாடி கண்ணுக்குத் தெரியும். எழுபது கேபின்கள் ஏழு சரிவுகளில் சிதறிக் கிடந்தால் யார் எண்ணுவது? மலைக் கிராமங்களில் கட்டுவதைக் கண்காணிக்க மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இலேயே வந்துவிட்டது. அதன் பெயரை எந்தப் பயணத் திட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

கேம்ப் ஃபயரும் அப்படித்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும், காட்டுத்தீயின் பருவம். கீழ்மலையில் யானை நடமாட்டம் உண்டு. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், கூடாரத்தில் தங்கவந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். அதே மேப்பாடிப் பகுதியில்தான் 2024 ஜூலை 30 நிலச்சரிவும். 'காட்டுக்கு நடுவே தனிமை' என்று எழுதுகிறவர், அது யாருடைய வழி என்றும் ஒரு வரி எழுதலாம்.

அப்படியானால் போகவே கூடாதா? போங்க, தாராளமாகப் போங்க. பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? நேரான பதில் வந்தால் அது நல்ல இடம். 'அதெல்லாம் எதுக்கு சார், வியூ பாருங்க' என்று வந்தால் வேறு இடம் தேடுங்கள். ஊருக்குள்ளேயே பழைய லாட்ஜ்கள் இருக்கின்றன. முடிந்தால் மழைக்காலமும் கோடைக் கூட்டமும் இல்லாத ஒரு வாரநாளில், அரசுப் பேருந்தில் போங்க.

2025 ஏப்ரல் முதல் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வரம்பு வைத்தது, வாரநாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நல்ல ஆரம்பம். ஆனால் சோதனைச்சாவடியில் எண்ணப்படுவது வண்டி. கேபின்களை அங்கே எண்ண முடியாது. அங்கே தங்கப்போகிறவர்தான் கேட்டு எழுத வேண்டும். இனி பிளான் எழுதுகிறவர்கள் 'வைஃபை உண்டு, பார்க்கிங் உண்டு' என்ற வரிக்குக் கீழே 'தண்ணீர்: எங்கிருந்து, எங்கே' என்று இன்னொரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரியைக் கீழே ஆத்தூர் தண்ணீர் குடிக்கிறவர்களும் படிப்பார்கள்.