மலையடிவாரத்தில் கூலன்ட் மாற்றுதல்: ஒரு வீட்டுவேலையின் மதிப்பீடு

பெரியகுளம் – வத்தலக்குண்டு சாலையில் உள்ள கெங்குவார்பட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்க, அதன் அருகே காட்ரோட்டில் பிரிந்து டம்டம் பாறை, வெள்ளி நீர்வீழ்ச்சி வழியாக ஏறும் மலைச்சாலை ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலை எட்டுகிறது. ஆட்களும் மூட்டைமுடிச்சுகளும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த ஏற்றத்தை ஏறுவதற்கு, உராய்வையும் காற்றுத்தடையையும் சேர்க்காமலே சுமார் 26 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் கால்பங்கு அளவையே சக்கரத்துக்குக் கொடுத்து, ஏறத்தாழ அதே அளவை வெப்பமாகக் குளிர்விக்கும் திரவத்திடம் தள்ளிவிடுவதால், எண்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் சிறிய காருக்குள் சுற்றிவரும் நான்கைந்து லிட்டர் திரவத்தின் வழியாகவே வெளியேறியாக வேண்டும். அந்தத் திரவத்தை வடித்து, புதிதாக நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை நீக்கும் வேலையை வீட்டுவாசலிலேயே செய்துகொள்ளும் வழக்கத்தை எடைபோட இந்த அடிவாரம் பொருத்தமான இடம்; சமவெளியில் மாதக்கணக்கில் மறைந்துகிடக்கும் பிழை, இங்கே முதல் பயணத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

இவ்வழக்கத்தை ஆதரிப்போர் முதலில் சொல்வது கூலி மிச்சம் என்பதைத்தான். உண்மையில் அது சிறிய லாபம். வீட்டில் செய்பவருக்குக் கிடைக்கும் பெரிய வசதி நேரம்: இன்ஜின் முழுதும் ஆறும்வரை காத்திருக்கவும், நிரப்பிய பின் ஓர் இரவு விட்டு மறுநாள் காலையில் மட்டத்தை மீண்டும் பார்க்கவும் அவரால் முடியும்; வண்டிகள் வரிசையில் நிற்கும் பட்டறையில் அந்தப் பொறுமைக்கு இடம் குறைவு. ஆனால் வீட்டுவேலையின் தோல்வி பெரும்பாலும் இந்த நேரத்தைத் தவறான இடத்தில் செலவழிப்பதில்தான் தொடங்குகிறது. வடிப்பதிலும் கழுவுவதிலும் காட்டும் அக்கறை, காற்று நீக்கும் கட்டத்துக்கு வரும்போது தீர்ந்துபோகிறது.

வடிக்கும் கட்டத்திலேயே ஒரு நுட்பமான பிழை ஒளிந்திருக்கிறது. ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாய்த் திருகைத் திறந்தால், அல்லது அது இல்லாத வண்டிகளில் கீழ் ஹோஸைக் கழற்றினால், ரேடியேட்டரில் உள்ளது மட்டுமே வெளியேறும். இன்ஜின் பிளாக்கின் உட்குழிகளிலும் ஹீட்டரின் சிறு ரேடியேட்டரிலும் கிட்டத்தட்ட பாதி தங்கிவிடும். சுத்தமாகக் கழுவிவிட்டோம் என்ற நிறைவோடு கடையில் வாங்கிய, தண்ணீர் கலந்தே வரும் கூலன்டை ஊற்றுபவர், உள்ளே தங்கிய கழுவுநீரோடு அது மேலும் நீர்த்துப்போவதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து லிட்டர் கொள்ளளவில் இரண்டரை லிட்டர் கழுவுநீர் தங்கியிருந்தால், மீதிக்குக் கலக்காத அடர்கூலன்டை ஊற்றினால்தான் சரிபாதிக் கலவை கிடைக்கும். கலந்ததை ஊற்றினால் கிடைப்பது கால்பங்குதான். கழுவுவதற்குப் போர்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் கேடு இன்னும் கூடும். அதிலுள்ள கால்சியம் உப்புகள் சூடான உலோகச் சுவரில் படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும். குளோரைடோ இன்றைய வண்டிகளின் அலுமினியத்தை அரிக்கும். பேட்டரிக்கென்று விற்கும் டிஸ்டில்டு வாட்டர் இதற்குப் போதும்.

பனி உறையாத ஊரில் வெறுந்தண்ணீரே போதாதா என்ற கேள்வி ஓட்டுநர்களிடையே பழையது. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கூலன்டின் அடிப்படைப் பொருளான எத்திலீன் கிளைக்காலைவிடத் தண்ணீரே அதிக வெப்பத்தைச் சுமக்கும். கொதிநிலையை உயர்த்துவதிலும் கூலன்டைவிட ரேடியேட்டர் மூடிக்கே பெரும்பங்கு உண்டு. குக்கரில் வெயிட் செய்யும் வேலையைத்தான் மூடியின் ஸ்பிரிங் செய்கிறது: 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் வெறுந்தண்ணீர் கெங்குவார்பட்டியில் 118 டிகிரி செல்சியஸ் அளவிலும் கொடைக்கானலில் 115 டிகிரி அளவிலும் கொதிக்கும். மூடியின் ரப்பர் இற்றுப்போயிருந்தால் கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலை குறைப்பது மூன்று டிகிரி, பழுதான மூடி குறைப்பதோ இருபதுக்கும் மேல் என்னும்போது, கூலன்டின் நிறத்தைப் பற்றி நீளமாக வாதிட்டுவிட்டுப் பழைய மூடியையே திரும்பத் திருகும் வழக்கம் வியப்பளிக்கிறது. எனினும் வெறுந்தண்ணீரில் துருத்தடுப்பான் இல்லை என்ற ஒரு காரணமே அதை நிராகரிக்கப் போதுமானது. போதாக்குறைக்கு, மார்கழி, தை இரவுகளில் கொடைக்கானலில் உறைபனியும் விழுகிறது.

காற்று நீக்கும் கட்டமே இவ்வேலையின் உயிர்நாடி. நிரப்பும்போது தெர்மோஸ்டாட், அதாவது 80 டிகிரியைத் தாண்டிய பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வெப்ப வால்வு, மூடியிருப்பதால் அதன் பின்னால் காற்று சிக்கிக்கொள்கிறது. பட்டறை வழக்கில் இதுவே ஏர் லாக். சிலிண்டர் ஹெட்டில் காற்று தங்கிய இடத்தில் உலோகம் திரவத்தைத் தொடாமல் சூடேற, வெப்பநிலை சென்சாரும் அதே காற்றுக்குள் இருந்துவிட்டால் டாஷ்போர்டு முள் அமைதியாகவே நிற்கும். எனவே வண்டியின் முகப்பு சற்று உயர்ந்திருக்குமாறு சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்குக் கல்லும் கொடுத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, காற்றுத் திருகு உள்ள வண்டியில் அதைத் தளர்த்திக் குமிழி அடங்கியபின் இறுக்கி, மின்விசிறி ஓரிருமுறை சுற்றி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட வேண்டும். மேல் ஹோஸ் திடீரெனச் சூடேறுவது தெர்மோஸ்டாட் திறந்ததற்கு அடையாளம். ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்றே வந்துகொண்டிருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. சூடான நிலையில் மூடியைத் திறப்பது முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொள்ளும் வேலை என்பதால், குறையும் மட்டத்தை மறுநாள் குளிர்ந்த பின்பே நிரப்ப வேண்டும். இவ்வளவு செய்தும், வாசலில் நின்றபடி ஓடும் இன்ஜின் மலையேற்றச் சுமையில் பத்திலொரு பங்கைக்கூடச் சந்திப்பதில்லை. வாசலில் தேறிய வண்டியை நேரே கொடைக்கானலுக்கு ஓட்டாமல், டம்டம் பாறை வரை ஏறித் திரும்பி, ஆறியபின் மட்டம் பார்ப்பது இவ்வூர்க்காரர்களுக்கு எளிதாகக் கைகூடும் சோதனை.

வடித்த திரவத்தை என்ன செய்வது என்பதில் வீட்டுவேலைக்கு நல்ல விடை இல்லை. எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, சிறுநீரகத்தை அழிப்பது. வாசலில் தேங்கினால் நாய் நக்கும், சாக்கடையில் ஊற்றினால் நீரோடையைச் சேரும். மூடிய கேனில் அடைத்து, கழிவைப் பொறுப்போடு பெற்றுக்கொள்ளும் பணிமனையைத் தேடுவது செய்பவரின் கடமையாகிறது. அந்தச் சிரமத்தையும் கூலிக்கணக்கில் சேர்த்தால் மிச்சம் இன்னும் சுருங்கும்.

சூடு குறையாதபோது தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது ஒரு பழைய பட்டறை வைத்தியம்; வீட்டில் செய்வோரும் அதை எளிதில் கைக்கொள்கிறார்கள். அதனால் இன்ஜின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகி எரிபொருள் கூடுதலாகச் செலவாவதோடு, பக்கவழியை மூடும் வகைத் தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் திரவத்தின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, ஏற்றத்தில் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். திரும்பத் திரும்பக் காற்று நீக்கியும் குமிழிகள் ஓயாமல் வருகின்றன என்றால், அது நிரப்பும்போது சிக்கிய காற்றாக இராது. ஹெட் கேஸ்கட் கசிந்து சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுவதாக இருக்கக்கூடும். அந்நிலையில் ஒவ்வொரு முறை காற்று நீக்குவதும் பழுதைச் சில நாட்களுக்கு மறைத்து ஹெட் வளைய வழிசெய்யும் என்பதால், வண்டி மலைச்சாலைக்குப் போகாமல், கசிவைச் சோதிக்கும் கருவியுள்ள பட்டறைக்குப் போக வேண்டும்.