பரபக்கம் கற்பிக்கும் பாடம்

மெய்யியல் என்றதும் நம் எண்ணம் ஏதென்சு நகரை நோக்கியே செல்கிறது. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், காண்ட் ஆகியோர் நமக்கு மெய்யியலார். மெய்கண்டாரும் அருணந்தி சிவாசாரியாரும் பெரும்பாலும் ‘பிற சமயங்கள்’ என்னும் தலைப்பின்கீழ் வருகிறவர்கள். முன்னவர்களோடு வாதிடுகிறோம், பின்னவர்களைப் பற்றி விவரம் சேகரிக்கிறோம். இவ்வேறுபாடு முறையானதுதானா?

இவ்வினாவை எழுப்புவதற்கு ஸ்ரீவைகுண்டம் ஏற்ற இடம். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர் பிறந்த ஊர் இது. அவர் பாடிய கந்தர் கலிவெண்பா துதிநூல் மட்டுமன்று. சைவ சித்தாந்தக் கருத்துகளைச் செறித்து வைத்த நூலுமாகும். அருகிலுள்ள ஆழ்வார்திருநகரி நம்மாழ்வாரின் ஊர். அவருடைய திருவாய்மொழிக்கு உரை கண்டே வைணவ ஆசாரியர்கள் விசிஷ்டாத்வைதத்தைத் தமிழில் விளக்கினர். இவ்வட்டாரத்துச் சாயர்புரத்திலேயே 1840களில் ஜி. யூ. போப் ஐயர் ஊழியம் செய்தார்.

போப் ஐயர் 1900இல் வெளியிட்ட திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பில் சித்தாந்தம் பற்றிய விரிவான குறிப்புகளும் உள்ளன. அவருக்கு முன்பே, யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனெரி ஹொய்சிங்டன் 1854இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்தார். லைப்சிக் மிஷனைச் சார்ந்த ஷோமெரஸ் 1912இல் ஜெர்மன் மொழியில் சித்தாந்தம் பற்றிப் பெருநூல் எழுதினார். இவர்கள் உழைப்பிற்கு நாம் கடன்பட்டவர்கள். ஆயினும் நம்மிடையே ஒரு பழக்கம் வேரூன்றியுள்ளது. அருள், அன்பு என நம் போதனைக்கு இணையானவற்றைக் கண்டால் ‘நற்செய்திக்கு ஆயத்தம்’ எனப் பாராட்டுகிறோம்; இணங்காதவற்றைக் குறையெனத் தள்ளுகிறோம். இரண்டிலும் அளவுகோல் நம்முடையதே. நூலின் வாதமோ கேட்கப்படுவதில்லை.

சிவஞானபோதம் 12 சூத்திரங்களே உடையது. ஒவ்வொன்றும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என வாதமாகவே விரிகிறது. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பது அதன் கொள்கை. செம்பில் களிம்புபோல் ஆணவமலம் தொடக்கமின்றியே உயிரைப் பற்றியுள்ளது. நாம் ‘வீழ்ச்சி’ என்று கூறும்போது சித்தாந்தி வினவுவார்: தூயதாயிருந்த உயிரை மலம் இடையில் பற்றியதெனின், விடுதலைக்குப் பின்னரும் அது மீண்டும் பற்றாதோ? இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் ஆகாது. நாமும் அவரை வினவலாம்: தொடக்கமற்ற மலத்தின் ஆற்றல் முடிவில் அடங்கும் என்பதற்கு உறுதி யாது? படைப்பு நல்லது என்னும் ஆதியாகமத்தின் கூற்றுக்கு அங்கு இடமுண்டோ? இருபுறமும் இவ்வாறு வினா எழும்போதுதான் படிப்பு மெய்யியலாகிறது.

இதற்குரிய முறையையும் அம்மரபே காட்டுகிறது. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தியார் உலோகாயதர், பௌத்தர், சமணர் முதலியோரின் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, பின்னரே மறுக்கிறார். அவர் நடுநிலையாளர் அல்லர். மறுப்பதே அவர் நோக்கம். எனினும், எதிர்வாதியைப் பேசவிடாமல் மறுப்பது மறுப்பாகாது என்பதை அவர் முறை உணர்த்துகிறது.

ஆகவே நம் வகுப்பறைகளில் ஒரு சூத்திரத்தையாவது, ஆங்கிலச் சுருக்கத்தின் வழியாக அன்றி, தமிழ் உரையோடு முழுமையாகப் பயிலவேண்டும். அதனை வாழ்ந்து காட்டும் சைவ அறிஞர் ஒருவர் முன்னிலையில் பயில்வது மேலும் நன்று. நம்பிக்கையைக் குறித்து விசாரிப்போர்க்கு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு தம் முதல் நிருபத்தில் கற்பிக்கிறார். உத்தரவு சொல்ல விரும்புவோர் முதலில் அவ்விசாரணையைச் செவிமடுக்கவேண்டும் அன்றோ? தாமிரபரணிக் கரையில் ஊழியம் செய்யப்போகும் மாணவர் ஏதென்சின் வினாக்களை மட்டுமே கற்றுச் சென்றால், தம் அயலார் கேட்கும் வினாவிற்கு அவரிடம் விடை இராது.